பஸ் ஜன்னலில் தெரிந்த கோட்டை

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை, பொறுத்துக்குங்க.

நான் செஞ்சிப் பக்கம் வாக்கப்பட்டு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. பேங்க்குக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் ராஜகிரி மலை தெரியும். உள்ளே போனதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம்ம கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. வெளியூர்க்காரங்க எல்லாம் வர்றாங்க, நாம பார்க்கலையேன்னு குழுவில் பேச்சு வந்தது. "கல்லைப் பார்க்க டிக்கெட்டா?"ன்னு என் மாமியார் கேட்டாங்க. பன்னிரண்டு பேர் கிளம்பிட்டோம்.

சிவாஜி 1677-இல் பிடிச்ச கோட்டை அது. நெற்களஞ்சியம் பார்த்தோம். கல்யாண மகாலில் அந்தக் காலத்திலேயே மண்குழாய் வைத்து மாடிக்குத் தண்ணீர் கொண்டு போயிருக்காங்க. எங்க தெருவில் இன்னமும் குடத்தோடு வரிசை!

மலை ஏறும்போது பாதியிலேயே எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. என்கூட ஒரு அக்காவும் இறங்கி வந்து புல்வெளியில் உட்கார்ந்தாங்க. அப்பதான் சொன்னாங்க: "இந்தப் புல்லில் ரெண்டு வருஷம் கூலிக்குக் களை எடுத்திருக்கேன். உட்கார்ந்து பார்க்கிறது இன்னைக்குத்தான்."

மணிக்கணக்கா பேசினோம். ஆனா அவங்க கை சும்மா இல்லை. பேசிக்கிட்டே பக்கத்திலிருந்த கோரையைப் பிடுங்கிக்கிட்டே இருந்தாங்க.

அடுத்த தடவை உச்சி வரைக்கும் ஏறணும்னு அவங்கதான் இப்போ சொல்றாங்க.