துரைமாரின் இரு நாட்டுப் பற்று

மாத்தளை நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வீதி இறத்தோட்டையைக் கடந்து மலையேறுகின்றது. தோட்டங்களும் லயங்களும் இருமருங்கும் தோன்றி மறைகின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தாண்டி இலுக்கும்புர வழியாக இறங்கினால், வயலும் சேனையும் சூழ்ந்த லக்கலப் பகுதி வருகின்றது. அங்குள்ள ஊர் பல்லேகம. அதன் பழைய கடைவீதி களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு இடங்கொடுத்து மறைந்தது. அவ்வூர் மக்களுக்கென அமைந்த புதிய நகர் 2018ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது.

இந்த ஒரு வீதியிலே மூன்று வாழ்க்கைகளைக் காணலாம். ஒன்று, கடல் கடந்து வந்த ஆங்கிலத் துரைமார் திறந்த தோட்டம். இரண்டு, அத்தோட்டத்தில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் லயம். மூன்று, மலைக்கு அப்பால் தொன்றுதொட்டு இருந்துவரும் சிங்களக் கிராமம். இம்மூவகையாரும் ஒரே மகாராணியின் குடிகள் என்றே ஒருகாலத்தில் சொல்லப்பட்டனர். ஆயினும் அவர்களுடைய விசுவாசம் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை. அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரமும் ஒரே அளவினதன்று. அந்த வேறுபாட்டைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் மலைநாட்டிலே கோப்பிப் பயிர் பரவியது. 1840ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. உரிமையை உறுதிப்படுத்த இயலாத காடும், பயிரிடப்படாத தரிசும் முடிக்குச் சொந்தமானவை என்று கொள்வதற்கு அச்சட்டம் வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய கிராமத்தவனிடம் உறுதிப்பத்திரம் ஏது? நிலம் அரசாங்கத்திடம் சென்றது. அரசாங்கத்திடமிருந்து தோட்டக்காரரிடம் சென்றது.

நிலத்தை வாங்கியவர்கள் யார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. தேசாதிபதி முதலாகப் பல அரசாங்க உத்தியோகத்தர்கள் தாமே தோட்டக்காரராயினர். காலையில் நிலத்தை விற்கும் அதிகாரி, மாலையில் நிலத்தை வாங்கும் முதலாளி! மகாராணிக்குச் செய்யும் சேவை ஒருபுறம், தம் கோப்பிச் செடிக்குச் செய்யும் சேவை மறுபுறம். இந்த இரண்டக நிலை வேலையைக் கெடுக்கின்றது என்று இலண்டனிலிருந்த மேலதிகாரிகளே கண்டு, 1840களின் நடுப்பகுதியில் உத்தியோகத்தர் பயிர்த்தொழிலில் ஈடுபடுவதைத் தடுக்க முற்பட்டனர். எனினும், எவரையும் நோக்கி, 'நீ இந்நாட்டவனா, அந்நாட்டவனா?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

1847ஆம் ஆண்டளவில் கோப்பியின் விலை வீழ்ந்தது; அரசாங்கத்தின் வருவாயும் சுருங்கியது. அவ்வாண்டில் வந்த தேசாதிபதி டொரிங்டன் பிரபு புதிய வரிகளை விதித்தார். நாய்க்கு வரி, கடைக்கு வரி, துப்பாக்கி வைத்திருக்க ஆண்டுதோறும் இரண்டரைச் சிலிங், வீதி வேலைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பு, இல்லையேல் மூன்று சிலிங். தோட்டத்துரைக்கு மூன்று சிலிங் ஒரு பொருட்டன்று. காட்டோரத்துக் கிராமத்தவனுக்கோ, காசு என்பதே அரிய பண்டம். துப்பாக்கி என்பது பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் சேனையைக் காக்கும் கருவி. அவன் உழைத்து அமைக்கும் வீதியில் முதலில் ஓடப்போவது கோப்பி வண்டி.

இந்த வேளையில், ஆளும் இனத்தாருள்ளேயே ஒரு மாறான குரல் எழுந்தது. அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் கிறிஸ்தோபர் எலியட் கொழும்பில் 'ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திவந்தார். 1848ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் 'ஆங்கிலேயன்' என்ற புனைபெயருடன் அப்பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. இலங்கை மக்கள் தம் குறைகளைக் கூடிப் பேசலாம், விண்ணப்பிக்கலாம், வரி விதிப்பில் தம் சம்மதத்தையும் கேட்குமாறு கோரலாம் என்பது அதன் சாரம். சிங்களத்திலும் அது மக்களிடையே பரவியது.

ஜூலை 26ஆந் தேதி தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூடினார். இரு நாட்களில் மாத்தளை நகர் தாக்கப்பட்டது. 29ஆந் தேதி கண்டியிலே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அது அக்டோபர் மாதம் வரை நீடித்தது. அரசாங்கப் படையில் ஒருவரேனும் உயிரிழக்கவில்லை. ஆயினும், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி பதினெண்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புரான் அப்பு ஆகஸ்ட் 8ஆந் தேதி கொல்லப்பட்டார். கடஹபொல என்னும் பௌத்த பிக்கு அணிந்திருந்த காவியுடையுடனேயே சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டா கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

எலியட்டுக்கு நேர்ந்தது என்ன? கலகத்தைத் தூண்டினார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. அவ்வளவே. அவர் தொடர்ந்து எழுதினார். செய்தி இலண்டனை எட்டியது. பாராளுமன்றம் ஒரு குழுவை நியமித்து விசாரித்தது. 1850ஆம் ஆண்டில் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார். எலியட்டோ, பிற்காலத்தில் அரசாங்க மருத்துவப் பகுதியின் தலைமைப் பதவியையே ஏற்றார். அவருடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும், அரசாங்கத்தை எதிர்த்தும் அரசனுக்கு விசுவாசியாக இருக்கலாம் என்ற சலுகை ஆங்கிலேயனுக்கு இருந்தது. மாத்தளைக் கிராமத்தவனுக்கு இருக்கவில்லை. ஒருவர் செய்தால் அது விமரிசனம். மற்றவர் செய்தால் அது இராசத் துரோகம்.

இனி, பதினாறு ஆண்டுகள் கடந்து வருவோம். 1833ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர் ஆறு இடங்களுக்கே உரியவர். அவற்றுள் மூன்று ஐரோப்பியருக்கு, சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. அனைவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள். இலங்கையிலுள்ள படையின் செலவை இலங்கையே ஏற்கவேண்டும் என்று இலண்டன் கட்டளையிட்டபோது, சபையில் பெருங்கொந்தளிப்பு ஏற்பட்டது. தோட்டக்காரரின் தலைவர்களுள் ஒருவராகிய ஜோர்ஜ் வோலும் பறங்கியர் தலைவராகிய சார்ல்ஸ் லோரன்சும் முன்னின்றனர். 1864ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி துறந்தனர். மறு ஆண்டில் 'இலங்கைக் கழகம்' தோன்றியது. இந்நாட்டின் பணத்தைச் செலவிடும் உரிமை இந்நாட்டுச் சபைக்கே வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

நல்ல கோரிக்கை! நூறாண்டுக்கு முன்னர் அமெரிக்காவிலே குடியேறிய ஆங்கிலேயர் எழுப்பிய கூக்குரலும் இதுவேயன்றோ? ஆனால் அமெரிக்கர் போராகச் சென்றனர். இலங்கைத் துரைமார் கூட்டம் போட்டதோடு நின்றனர். காரணம் தெளிவு. அவர்களைக் காத்தது அந்தப் படையே. அவர்களுக்கு நிலம் வழங்கியது அந்தச் சட்டமே. தாய்நாட்டின் பிடி இறுகினால் முணுமுணுக்கலாம். அப்பிடி முற்றாக நழுவினால் தோட்டம் நில்லாது.

இன்னொன்றையும் கேளுங்கள். இலங்கைக் கழகம் பிறந்த அதே 1865ஆம் ஆண்டிலேதான், எசமானர் வேலைக்காரர் பற்றிய பதினோராம் இலக்கச் சட்டமும் பிறந்தது. போதிய காரணமின்றி வேலைக்குச் செல்லாத, அல்லது முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையிலிட அது இடமளித்தது. தம் பணத்தின்மேல் தமக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்டவர்கள், தம் தொழிலாளியின் கால்களின்மேல் அவனுக்கே அதிகாரம் உண்டு என்று நினைக்கவில்லை.

அந்தத் தொழிலாளி யார்? மன்னார்க் கரையிலே இறங்கி, வன்னிக் காட்டினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தவன். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. உயிர் தப்பி வந்தவனைக் கங்காணியின் கடன் கட்டிப்போட்டது. கடன் தீர்ந்தது என்று காட்டும் 'துண்டு' இன்றி அவன் வேறு தோட்டத்தை நாட முடியாது. துண்டு முறையும் இந்தியத் தொழிலாளருக்கு விதிக்கப்பட்ட சிறைத் தண்டனையும் 1921ஆம் ஆண்டிலேதான் நீங்கின.

ஆண்டுகள் உருண்டன. 1931இல் வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரும் அதனைப் பெற்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். மாத்தளைக் கலகம் நிகழ்ந்து சரியாக நூறு ஆண்டுகள் சென்றபின், 1948ஆம் ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இங்கே பிறந்தாரா, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று அது கேட்டது. லயத்துப் பிள்ளையிடம் அதற்கான பத்திரம் ஏது? 1840இல் சேனைக்காரனிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி, இப்போது தொழிலாளியிடம் கேட்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டு மக்களுட் பெரும்பாலார் வாக்கற்று நின்றனர். அதே பாராளுமன்றத்தில், தேர்தலின்றி நியமனம் பெற்ற ஐரோப்பியப் பிரதிநிதிகள் அமர்ந்திருந்தனர்!

கண்டிக் கிராமத்தவரின் அச்சத்தை நான் ஏளனம் செய்ய வரவில்லை. நிலத்தை இழந்தவர்கள் வாக்கின் பலத்தையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சியது இயல்பே. ஆயினும், அந்த நிலத்தை வாங்கியவன் தொழிலாளி அல்லன். அவன் வாங்கியது கூலி ஒன்றே.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் தேதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சியவர்கள் பின்னர் பேசித் தீர்க்க. அந்த எச்சமும் 1974இல் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இங்கே தங்கிவிட்டோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் வந்த பின்னரே, அந்த நீண்ட கணக்கு முடிவை அணுகியது.

நேயர்களே, மனிதன் பிறந்த மண்ணையும் நினைப்பான். உழைத்த மண்ணையும் நேசிப்பான். இது குற்றமன்று. தோட்டத்துரை தன் பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பி, தானும் முதுமையில் அங்கு திரும்பினான். அவனை இந்நாட்டின் பிரதிநிதி என்றே சபை ஏற்றது. தொழிலாளி தன் பெற்றோரை இந்த மண்ணிலே புதைத்தான். அவனிடமோ பத்திரம் கேட்கப்பட்டது. விசுவாசம் இரண்டாய் இருந்ததனால் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. செல்வாக்கு இல்லாததனாலேயே தண்டிக்கப்பட்டனர். இதனை உணர்ந்த நாடு, தன் குடிகளுள் எளியவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'நீ எந்நாட்டவன்?' என்பதன்று. 'உனக்கு நாங்கள் தரவேண்டியது இன்னும் என்ன?' என்பதே அக்கேள்வி.