இரும்புக்கையும் அமுதசுரபியும்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, புத்தகப் பையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் பஜ்ஜிக் கடை ஓரமாக நின்று கேட்கும் தோழர்களே, முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

எனக்குக் கொடுத்த தலைப்பு 'அண்மையில் நான் படித்த இளையோர் நூல்கள்'. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'முதுபெரும் பேச்சாளர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். முதுபெரும் ஆளைக் கூப்பிட்டு இளையோர் நூலைப் பற்றிப் பேசு என்று சொல்லும் தைரியம் நம் திண்டுக்கல்லுக்குத்தான் வரும்.

முதலில் ஒரு கேள்வி. வீட்டில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுக்குள் பிள்ளை இருப்பவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, பாதிப் பந்தல்! சரி, அந்தப் பிள்ளை கடைசியாக முழுசாகப் படித்து முடித்த தமிழ்க் கதைப் புத்தகத்தின் பெயர் தெரிந்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். ஐந்து கை. அதிலும் ஒன்று டீக்காரரைக் கூப்பிடுகிற கை.

சிரிக்காதீர்கள். என் வீட்டுக் கதையும் அதுதான். எட்டாவது படிக்கிற பேத்தி தலையணை மொத்தத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். என்னடா அது என்று கேட்டேன். "தாத்தா, இது ஃபேன்டஸி. உனக்குப் புரியாது" என்றாள். நாற்பது வருசமாக மேடையில் பேசுகிறவனைப் பார்த்துச் சொல்கிறாள். ரோசம் வந்துவிட்டது. நேராகப் புத்தகக் கடைக்குப் போய், தமிழில் வந்திருக்கிற 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' வாங்கி, மூன்று ராத்திரியில் படித்து முடித்தேன்.

நல்ல புத்தகம், ஒளிக்காமல் சொல்கிறேன். தாய் தகப்பன் இல்லாத பையன். பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்தில் படுக்கை. அவனுக்குப் பதினோரு வயதில் ஒரு கடிதம் வருகிறது, நீ சாதாரணப் பிள்ளை இல்லையடா என்று. உலகத்தில் எந்தப் பிள்ளை அந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை? எழுதிய அம்மாவைப் பத்துப் பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பினார்களாம். 1997இல் ஒருவர் அச்சடித்தார். மிச்சத்தை உலகமே அறியும்.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம். அந்த மந்திரப் பள்ளிக்கூடத்தில் துடைப்பத்தில் பறக்கிறார்கள், பூதத்தோடு சண்டை போடுகிறார்கள், எல்லாம் சரி. வருசக் கடைசியில் என்ன வைக்கிறார்கள் தெரியுமா? பரீட்சை! அங்கேயும் மார்க்கு! பறக்கத் தெரிந்தவனையும் விடமாட்டேன் என்கிறார்களே!

முன்னால் இருக்கிற பிள்ளைகள் தட்டுகிற கை ஓசையைக் கேளுங்கள், பெற்றோர்களே. இது எனக்கு விழுந்த கைதட்டல் இல்லை, உங்கள் மேல் கொடுத்த புகார்.

சரி, அந்தக் கதையில் எல்லோரும் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள்? ரசவாதக் கல்லுக்கு. இரும்பைப் பொன்னாக்கும், சாகாமல் வைத்திருக்கும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா, ரசவாதம் தேடி லண்டனுக்கு எதற்கு ரயில் ஏற வேண்டும்? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் ஏறினால் போதாதா? ஒன்பது பாஷாணத்தைக் கட்டிச் சிலை வார்த்தார் என்று நாம் சொல்கிற போகர், குளிகையை வாயில் போட்டுக்கொண்டு சீனத்துக்குப் பறந்தார் என்று நாம் சொல்கிற போகர், அந்த மலைமேலேதான் சமாதியில் இருக்கிறார். இந்தப் பக்கம் திரும்புங்கள், சிறுமலை. அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து உடைந்து விழுந்த துண்டு என்று என் அப்பத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லும். பழனிக்கு இடும்பன் இரண்டு மலையைக் காவடி கட்டித் தூக்கி வந்தான். நம் மாவட்டத்தில் மலை இருந்த இடத்தில் இருந்ததாகக் கதையே கிடையாது. எல்லா மலையும் எங்கிருந்தோ பறந்து வந்ததுதான்! இந்த ஊர்ப் பிள்ளைக்கு ஃபேன்டஸி புரியாது என்று யார் சொன்னது?

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நேரம் ஆகிறது என்று செயலாளர் சீட்டு நீட்டுகிறார். வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

பேகம்பூர்ப் பக்கம் பழைய பேப்பர்க் கடை வைத்திருந்தார் ஒருவர். பேர் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. நான் பள்ளிக்கூடம் போகிற காலம், 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் புத்தகம் இரும்புக்கை மாயாவி. உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மாயமாகிவிடுவார், இரும்புக்கை மட்டும் தனியாகத் தெரியும். பிற்பாடு நம் ஊரில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று மின்வெட்டு வந்ததே, அப்போது மாயாவி இங்கே இருந்திருந்தால் மனுசன் மறையவே முடியாமல் ரிட்டயர் ஆகியிருப்பார்.

காசு சேர்த்து ஒரு மாயாவி புத்தகம் வாங்கி, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிடுங்கிவிட்டார். பள்ளியின் பேர் வேண்டாம், வாத்தியார் பேரும் வேண்டாம். முட்டி போட வைத்ததுகூடப் பெரிசில்லை. கதையில் மாயாவி மாட்டிக்கொண்ட இடத்தில் பிடுங்கிவிட்டாரே! நான்கு மாதம் மாயாவி அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்.

பரீட்சை முடிந்து, பழைய நோட்டை எடைக்குப் போடப் பாய் கடைக்குப் போகிறேன். அங்கே ஒரு கட்டு. பள்ளிக்கூடத்தில் பிடுங்கிய புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டிருக்கிறார்கள்! அம்புலிமாமா, மாயாவி, வாண்டுமாமா கதை, எல்லாம் ஒரே சணலில். நடுவில் என் புத்தகம், என் கையெழுத்தோடு. நான் அழுதுவிட்டேன். பாய் பார்த்தார். கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். "காசு வேணாம்டா. இங்கேயே உக்காந்து படி. படிச்சு முடிச்சிட்டு எனக்குக் கதைய சொல்லிட்டுப் போ" என்றார்.

பாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆயிரக்கணக்கான புத்தகம் அந்தக் கை வழியாகப் போயிருக்கும், ஒரு வரி படித்ததில்லை. நான் கதையை ஆரம்பித்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டார். வியாபாரத்துக்கு வந்தவரைக் கொஞ்சம் இருங்க என்று நிறுத்தி வைத்தார். எனக்குக் கிடைத்த முதல் கூட்டம் அதுதான். ஒரே ஒரு ஆள். மைக் இல்லை, பொன்னாடை இல்லை. நாலு வருசம் அந்தப் பேப்பர்க் கட்டுமேல் உட்கார்ந்து பேசிப் பழகியவன்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் போக மனசு வரவில்லை. பெரிய இலக்கியவாதி ஒருவர், பேர் வேண்டாம், பெரியவர்களுக்கு எழுத வராதவர்கள்தான் பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள் என்கிற மாதிரி ஒரு மேடையில் பேசினார். அன்றைக்கு நானும் அந்த மேடையில் இருந்தேன், மாலை போட்டுவிட்டார்கள், எழுந்து போக முடியவில்லை. அவருடைய நாவலை வாங்கிப் படித்தேன். முதல் நாற்பது பக்கம் ஒருவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காபி குடிக்கிறார். நாற்பது பக்கம்! எனக்கு அந்தக் காபி ஆறிப் போகுமே என்றுதான் கவலை. அவரை என் பேத்திக்கு முன்னால் உட்கார வைக்கிறேன். மூன்று பக்கம் எழுதட்டும், அவள் நாலாவது பக்கத்தைத் திருப்புகிறாளா என்று பார்ப்போம். திருப்பினால் அவருக்கு நானே இதே மேடையில் சால்வை போடுகிறேன். பெரியவர்கள் மரியாதைக்காகப் படிப்பார்கள் ஐயா. பிள்ளைகளிடம் அந்த மரியாதை கிடையாது. பிடிக்கவில்லையா, மூடி வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.

போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கதை சொல்கிறேன். புத்தகத்தின் பேரைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பெண். உங்கள் வீட்டுப் பிள்ளை வயசுதான். பூப்பறிக்கத் தோழியோடு தோட்டத்துக்குப் போகிறாள். அரசகுமாரன் ஒருவன் பின்தொடர்ந்து வருகிறான். அவள் ஓடிப்போய்ப் பளிங்கு மண்டபத்துக்குள் புகுந்துகொள்கிறாள். அன்று இரவு ஒரு தெய்வம் வந்து, தூங்குகிற அவளைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் பறந்து, ஆளில்லாத தீவில் விட்டுவிட்டுப் போகிறது. அங்கே ஒரு பீடம். தொட்டு வணங்கியதும் போன பிறவி தெரிகிறது. திரும்ப வந்த தெய்வம் மூன்று மந்திரம் சொல்லிக்கொடுக்கிறது. வேறு உருவம் எடுக்க ஒன்று, வானத்தில் பறக்க ஒன்று, பசியைப் போக்க ஒன்று. பிறகு ஒரு பொய்கையிலிருந்து அவள் கைக்குப் பாத்திரம் ஒன்று வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாது.

ஆமாம், மணிமேகலை. பார்த்தீர்களா, அந்த மூலையில் ஒரு பாப்பா முன்னாடியே கண்டுபிடித்துவிட்டது.

மதுரையில் தானியம் விற்ற சாத்தனார் எழுதியது. நமக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம். அவர் கையிலும் தராசு, பாய் கையிலும் தராசு, கவனியுங்கள். உ.வே.சா. 1898இல் அச்சில் கொண்டுவந்தார். நாம் அதை என்ன செய்தோம்? ஐம்பெருங்காப்பியங்கள் யாவை, இரண்டு மதிப்பெண்!

சீமைக்காரர் கதையில் பிள்ளைக்கு ஒரு மந்திரக்கோல் கிடைக்கும், இல்லையென்றால் ஒரு மோதிரம். அதை வைத்து எதிரியை ஜெயிக்க வேண்டும். சாத்தனார் தன் பெண்ணின் கையில் அமுதசுரபி என்கிற சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தார். பறக்கத் தெரிந்தவள், உருவம் மாறத் தெரிந்தவள், என்ன செய்கிறாள்? முதல் பிச்சையை ஆதிரை என்கிற பெண்ணிடம் வாங்குகிறாள். யானைத்தீ என்கிற தீராப் பசி பிடித்தலைகிற காயசண்டிகைக்கு ஊட்டுகிறாள். சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். ராசா கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டால், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கு என்கிறாள். சின்னப் பெண், ராசாவைப் பார்த்து! இந்தப் பாத்திரம் மட்டும் நம் பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் இந்நேரம் ஐம்பது கிளை திறந்திருப்பார். அவள் ஒரு பைசா வாங்கவில்லை.

இதைப் பதின்மூன்று வயசுப் பிள்ளை மூச்சு விடாமல் படிக்கிற மாதிரி, படத்தோடு, ஐந்து பாகமாக யாராவது எழுதுங்கள் என்று பத்து வருசமாக மேடைக்கு மேடை கேட்கிறேன். கை தட்டுகிறீர்கள். எழுத ஆள் வரவில்லை.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' படித்தேன். இன்றைய பையன் ஒருவன் கீழடியில் 2600 வருசத்துக்கு முந்தைய ஆதனைச் சந்திக்கிறான். ஆதன் என்பது அந்த மண்ணில் கிடைத்த பானை ஓட்டில் கீறியிருந்த பேர். 2023இல் பால சாகித்ய புரஸ்கார் கொடுத்தார்கள். எனக்கு ஒரு குறை, இன்னும் நூறு பக்கம் எழுதியிருக்கலாம். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே விருது வாங்கியது. பேசுகிற மரப்பாச்சி, அவ்வளவுதான் மாயம். ஆனால் கெட்ட தொடுதலைப் பற்றி வீட்டில் வாய் திறக்க முடியாத ஒரு குழந்தைக்கு அந்தப் பொம்மை தைரியம் கொடுக்கிறது. தாய்மார்களே, அதை நீங்கள் முதலில் படியுங்கள். விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு 2025இல் கிடைத்தது. ஜெயமோகனின் 'பனிமனிதன்' சிறுவர்மணியில் தொடராக வந்தது, இன்றைக்கும் விறுவிறுப்பு குறையவில்லை. மாயம் வேண்டாம், மாடு போதும் என்கிற பையனுக்கு நம் வத்தலக்குண்டு செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருக்கிறது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அந்த மனுசர் புத்தகத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் பள்ளி பள்ளியாக அப்படித்தான் அலைகிறார்கள்.

செயலாளர் இப்போது சீட்டுத் தரவில்லை, நேரே எழுந்து நின்றுவிட்டார். முடித்துக்கொள்கிறேன்.

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒன்று இருக்கும். 1948 நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. நம் காசு. மாவட்ட மைய நூலகத்தில் பிள்ளைக்கு உறுப்பினர் அட்டை போடுங்கள். இங்கிருந்து போகும்போது நான் சொன்ன புத்தகத்தில் ஒன்றாவது வாங்கிக்கொண்டு போங்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு, எத்தனை பக்கம் படித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குக் கதை சொல்லு என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாத பாய் அதைத்தான் கேட்டார்.

பிள்ளை சொல்ல ஆரம்பித்ததும் அவர் தராசைக் கீழே வைத்தார். நீங்கள் செல்போனைக் கீழே வையுங்கள்.