கண்டதை வரைந்த கை

1830ஆம் ஆண்டிலே, இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் கிளிக்கூடுகளின் முன்னே பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நாள்தோறும் அமர்ந்து வரைந்தார். எட்வேட் லியர் என்பது அவர் பெயர். பறவை ஓவியர் பலர் பஞ்சடைத்த உடல்களைப் பார்த்து வரைந்த காலம் அது. லியரோ உயிருள்ள கிளிகளையே நாடினார். காவலாளி கிளியைப் பிடித்துக்கொள்ள, இவர் சிறகையும் காலையும் அளந்து குறித்துக்கொள்வார். பின்னர் அவ்வுருவைத் தம் கையாலேயே அச்சுக்கல்லில் தீட்டுவார்.

1832ஆம் ஆண்டுக்குள் 42 படங்கள் வெளிவந்தன. புகழ் வந்தது, பணம் வரவில்லை. 175 படிகளோடு நிறுத்திக் கற்களிலிருந்த உருவங்களை அழித்துவிட்டார். நுணுக்க வேலையினாற் கண்கள் தளரவே, சில ஆண்டுகளில் பறவைகளை விடுத்து நிலக்காட்சி ஓவியரானார். நாடுகள் பல சுற்றி, 1874இல் இலங்கைக்கும் வந்தார்.

அவ்விளமை உழைப்பு வீண்போகவில்லை. நீலப் பெருங்கிளி ஒன்றை, அந்நாளில் அறியப்பட்டிருந்த வேறோர் இனத்தின் பெயரிட்டே அவர் வெளியிட்டிருந்தார். 1856இல் பொனபார்ட் என்னும் பறவையியல் அறிஞர் அத்தகைய கிளியைத் தனி இனமாக வகுத்து, லியரின் பெயரையே அதற்குச் சூட்டினார். லியர் இட்ட பெயரிலே பிழை இருந்தது; தீட்டிய படத்திலே பிழை இல்லை. கேட்டறிந்ததை வரையாது, கண்டதை வரைந்த கை அது.