பால்பாயின்ட் பேனாவில் முகங்கள்

பால்பாயின்ட் பேனாவால் முகம் வரையப் பழகுபவர் முதலில் கற்க வேண்டியது கையின் அழுத்தத்தை. பேனா முனையில் இருக்கும் சின்னஞ்சிறு குண்டு உருளும்போதுதான் உள்ளிருக்கும் கெட்டியான எண்ணெய் மை தாளில் இறங்குகிறது. அழுத்தினால் கருநீலம் விழும். முனை பட்டும் படாமலும் ஓடினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய சாயல். தொட்ட இடத்திலேயே முழு நிறத்தையும் விட்டுவிடும் இங்க் பேனாவில் இது எளிதில் கைகூடாது. பென்சிலின் மென்மையைச் சில ரூபாய்ப் பேனாவுக்குத் தந்திருப்பது இந்தக் கெட்டி மைதான்.

ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ 1938-இல் காப்புரிமை கோரிய பேனா, எழுதுவோரோடு நின்றுவிடவில்லை. சிற்பி ஜியாகோமெட்டி அதைக் கொண்டு தலைகளை வரைந்தார். ஸ்பெயின் ஓவியர் ஹுவான் பிரான்சிஸ்கோ காசாஸ் நீல நிற பிக் பேனாவால் மிகப் பெரிய உருவப்படங்களைத் தீட்டினார். போர்ச்சுகல் வழக்கறிஞர் சாமுவேல் சில்வா ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்த செம்முடிப் பெண்ணின் முகம் 2012-இல் உலகெங்கும் பேசப்பட்டது. பல நிறப் பேனாக்களின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே அந்தத் தோலின் நிறத்தை அவர் கொண்டுவந்தார்.

தேவையானவை கொஞ்சம்தான்: வழவழப்பான கனத்த தாள், அடியில் வைக்கப் பரீட்சை அட்டை, மை சீராக வரும் பேனா. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் வேண்டும். முனையில் அவ்வப்போது மை திரண்டு நிற்கும். அதைத் துடைக்காமல் கோடிழுத்தால் கன்னத்தின் நடுவே பொட்டு விழுந்துவிடும். விழுந்தால் அழிக்க வழியில்லை.

அழிக்க முடியாது என்பதே வரையும் வரிசையையும் முடிவு செய்கிறது. முதலில் மிக லேசான கோடுகளால் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள் அமையும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் அவற்றை மேலே ஏற்றிவிடுகிறார்கள்; நெற்றி குறுகி, சாயல் தப்பிவிடுகிறது. இரு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய இன்னொரு கண்ணின் அகலம் இருக்கும்.

அதன்பின் நிழல். மூக்கு இதற்கு நல்ல பாடம். மூக்கின் இருபுறமும் கோடு போட்டு அடைத்தால் அது முகத்தில் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். உண்மையில் அங்கே கோடே கிடையாது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மங்கல், நாசிக்குக் கீழே சற்று அடர்ந்த நிழல், அவ்வளவுதான். மங்கலான பக்கத்தில் மூக்கின் வளைவையொட்டி நெருக்கமாகச் சாய்கோடுகள் இட்டு, அவற்றின்மேல் வேறு கோணத்தில் இன்னொரு அடுக்கு இட வேண்டும். நுனியின் பளபளப்புக்கு வெறும் தாளை விட்டுவிட்டால் போதும். கண்மணியின் ஒளிப்புள்ளியும் அப்படியே. கறுப்பை ஒரே அழுத்தில் கொண்டுவர முயன்றால் தாள் பள்ளம் விழும், மை பளபளக்கும். அடுக்கடுக்காகத்தான் அதை வளர்க்க வேண்டும். கூந்தலையும் முடி முடியாக வரையாமல் திரள்களாகவே பார்க்க வேண்டும். இது பொறுமையின் வேலை. ஒரு முகத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

பால்பாயின்ட் மை பெரும்பாலும் சாயத்தால் ஆனது. வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும். முடித்த படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல், வெளிச்சம் படாத கோப்பில் வைத்து, ஸ்கேன் செய்த பிரதியொன்றையும் சேமித்துக்கொள்வது நல்லது.