பூகம்பமும் குடும்பமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

அகமதாபாதில் குடியேறி வாழும் நமக்கு 2001-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் மறக்கவொண்ணாதது. அன்று காலை எட்டே முக்கால் மணியளவில் கட்ச் மாவட்டத்தில் எழுந்த பூகம்பம், ஏறத்தாழ 13,800 உயிர்களைக் கொள்ளை கொண்டது. காயமுற்றோர் ஏறக்குறைய 1,67,000 பேர். மாண்டோர் தொகையையே நாம் திரும்பத் திரும்பச் சொல்லுகிறோம். நான் இன்று பேச விழைவது இந்த இரண்டாம் தொகையைப் பற்றி.

இடிபாட்டின்கீழ்க் கால் நசுங்கி ஒருவன் பல மணி நேரம் கிடக்கிறான். பளுவை அகற்றியதும் பிழைத்தான் என்று மகிழ்கிறோம். ஆனால், நைந்த தசையின் கழிவுகள் அப்போதுதான் குருதியிற் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்குகின்றன. பொட்டாசியம் மிகுந்து இதயமே நின்றுவிடவுங் கூடும். ஆகவே, பளுவை நீக்குமுன்பே சிரை வழியே உப்புநீர் ஏற்றத் தொடங்க வேண்டும் என்பர் மருத்துவர். அதன்பின் மருத்துவமனை வேண்டுமே! புஜ் நகரிலோ அரசு மருத்துவமனையே இடிந்து வீழ்ந்தது. வெட்டவெளியிற் கூடாரமிட்டுச் சிகிச்சை செய்தார்கள். பின்னர் எழுப்பிய புதிய மருத்துவமனை, அதிர்வைத் தணிக்கும் ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிற்கிறது.

பிழைத்தவன் வீடு திரும்புகிறான். முதுகெலும்பு முறிந்த நெசவாளி தறியில் அமர்வதெங்ஙனம்? உடற்கேடு அங்கே வறுமையாகிவிடுகிறது. உடலில் கீறலும் படாதோரையும் அது விடவில்லை. தமட்கா என்னும் ஊரில் அஜ்ரக் துணி அச்சிடுவோர் வாழ்ந்தனர். பூகம்பத்திற்குப்பின் அவ்வூர் நீரில் இரும்பு மிகுந்துவிட்டது. சாயத்தொழிலுக்கு நீரன்றோ உயிர்! பலர் மூட்டை கட்டிப் புறப்பட்டு, புஜ் அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே அமைத்துக்கொண்டனர். இடிந்த சுவரை அளந்து இழப்பீடு தரலாம்; கெட்ட நீரை எந்த முழக்கோலால் அளப்பது?

இனி நம் நகருக்கு வருவோம். பூகம்பம் பிறந்த இடம் 200 கிலோமீட்டருக்கு அப்பால். ஆயினும் இங்கே 700-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீழ்ந்த மாடிக் கட்டடங்கள் பலவற்றில், வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறுந்தூண்களின்மேல் விட்டிருந்தார்கள். மேல்மாடிகள் சுவர்களால் இறுகி நிற்க, அசைவு முழுவதும் அத்தூண்களைத் தாக்கியது. வீடு வாங்கும்போது சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். தூண்களைப் பற்றி விசாரித்தவர் எத்தனை பேர்? நானும் விசாரித்ததில்லை.

அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் வர்ணம் பூசும் செலவு பேச்சுக்கு வருகையில், பொறியாளர் ஒருவரைக் கொண்டு தூண்களைச் சோதிக்கும் செலவையும் எழுப்புங்கள். கீழ்த்தளத்தில் இடித்து மாற்றக் கேட்பவர் எவராயினும், அச்சோதனை முடியும்வரை இசைவு தராதீர்கள்.