பென் டிரைவிலிருந்து கணினி எழ மறுப்பதேன்?



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத கணினிகளோ இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதியது வாங்க வசதிப்படாதவர்கள், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியை இயக்கலாம் என்று கேள்விப்பட்டு முயல்கிறார்கள். பலருக்கு முதல் முறை கிடைப்பது கறுப்புத் திரைதான்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை, பாட்டுக் கோப்பை நகலெடுப்பதுபோல் அப்படியே பென் டிரைவில் போட்டுவிடுகிறார்கள். ஐஎஸ்ஓ என்பது கட்டிய பொட்டலம். கணினி எழும்போது அதைப் பிரித்துப் பார்க்காது. உள்ளிருப்பதை உரிய முறையில் பதித்துக் கொடுக்க ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும்.

பதிக்கும் போது அந்த டிரைவில் இருந்த அனைத்தும் அழிந்துவிடும். கல்யாணப் படங்கள் உள்ள வேறு டிரைவ் பக்கத்தில் செருகியிருந்தால், தொடங்கும் முன் அதைக் கழற்றி வையுங்கள். பட்டியலில் ஒரு வரி மாற்றிச் சொடுக்கினால் போதும், பத்து வருடப் படங்கள் போய்விடும். இந்த வேலையில் உண்மையான ஆபத்து இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நேரம்தான் வீண்.

சரியாகப் பதித்தும் பழைய விண்டோஸே வருகிறதா? கணினி தன் வன்தட்டையே முதலில் பார்க்கிறது. விசையை அழுத்தியதும் பூட் மெனுவைத் திறக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9. ஒரு தடவை அழுத்தினால் பிடிபடாது, விட்டுவிட்டுத் தட்டுங்கள்.

பட்டியலில் பென் டிரைவே தென்படாவிட்டால், பதித்த முறை கணினிக்கு ஒத்துப்போகவில்லை என்று பொருள். 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகு விற்கப்பட்ட கணினிகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ முறையில் எழுபவை. ரூஃபஸில் ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய பெட்டிகளுக்கு எம்பிஆர். செக்யூர் பூட்டை உடனே அணைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். லினக்ஸ் மின்ட்டுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. பிட்லாக்கர் பூட்டுள்ள கணினியில் அதைத் தொட்டால் மீட்புச் சாவி கேட்டு நிற்கும். சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் பிழை வந்து நின்றால், இறக்கிய கோப்பு குறைபட்டதா என்று பாருங்கள். பதிவிறக்கப் பக்கத்தில் தந்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எண் சரியாக இருந்தும் தகராறு என்றால் டிரைவை மாற்றுங்கள். மலிவு விலையில் பெரிய கொள்ளளவு என்று விற்கப்படுபவற்றில் போலிகள் உண்டு.

இன்னொன்று: பதித்த டிரைவை விண்டோஸில் செருகினால், ஃபார்மட் செய்யவா என்று கேட்கலாம். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து சம்மதித்தால், செய்த வேலை வீண்.

மின்ட் திரை தோன்றியதும் உடனே நிறுவ வேண்டியதில்லை. வைஃபை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். நிறுவும் பொத்தானைத் தொடாதவரை பழைய வன்தட்டு அப்படியே இருக்கும். அங்கிருந்தே அதைத் திறந்து, குடும்பப் படங்களை வேறொரு டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம்.