சீதை சொன்ன இராமாயணங்கள்

 

இதிகாசக் கதைகளைப் பெண்களின் பார்வையில் திருப்பிச் சொல்லும் நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் நிறைந்து கிடப்பதால், இது பெண்ணியம் என்னும் அண்மைக்காலச் சிந்தனை கொண்டுவந்த வழக்கம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்ச் பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சந்திராவதி என்னும் கவிஞர் வங்க மொழியில் பாடிய இராமாயணம், இராமனுக்கு முன்பாகச் சீதையின் பிறப்பைச் சொல்லித் தொடங்குகிறது. போர் சில அடிகளில் முடிந்துவிட, சீதை தன் வாழ்க்கையைப் பாரமாசி வடிவில், அதாவது ஒரு பெண் தன் இன்ப துன்பங்களைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் மாதவாரியாகச் சொல்லும் நாட்டுப்பாடல் வடிவில், தோழியருக்குத் தானே எடுத்துரைக்கிறாள். கைகேயியின் மகள் குகுயா வற்புறுத்தியதால் சீதை விசிறியில் இராவணனின் உருவத்தை வரைகிறாள். அவள் உறங்கும்போது அந்த விசிறியை அவள் மார்பின்மீது வைத்துவிட்டு, குகுயா இராமனை அழைத்துவந்து காட்டுகிறாள். சீதை காட்டுக்கு அனுப்பப்படுகிறாள். கவிஞரோ இராமனை நேருக்கு நேர் கண்டிக்கிறார்.

இந்த நூலைத்தான் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் முற்றுப்பெறாதது, கவிநயம் குறைந்தது என்று ஒதுக்கினார்கள். சந்திராவதியின் பெயர் நிலைத்ததற்குக் காரணம், அவருடைய கைகூடாத காதலைப் பற்றி வேறொருவர் பாடிய கதைப்பாடல். பெண் கவிஞர் பாடியதைவிட அவர் பட்ட பாடு சுவையாகத் தோன்றுவது வங்கத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. எழுத்தாளரும் ஒப்பிலக்கியப் பேராசிரியருமான நவநீதா தேவ் சென், இராமனின் கதையைத் தேடியவர்களுக்கே அந்நூல் குறையாகத் தெரிந்ததென்றும், சீதையின் கதையாக வாசித்தால் அதில் குறையேதும் இல்லையென்றும் வாதிட்டு அதை மீட்டெடுத்தார்.

ஏட்டில் ஏறாத இராமாயணங்களும் உண்டு. தெலுங்குப் பெண்கள் வீட்டுக்குள் தங்களுக்காகவே பாடிவந்த பாடல்களை அறிஞர் வெல்சேரு நாராயண ராவ் ஆராய்ந்திருக்கிறார். காவியங்கள் பாயசத்தோடும் நல்ல நட்சத்திரத்தோடும் முடித்துக்கொள்ளும் இராமனின் பிறப்பு அப்பாடல்களில் கோசலையின் பிரசவ வலியாக விரிகிறது. கூரையிலிருந்து தொங்கும் கயிறுகளைப் பற்றியபடி அவள் பிள்ளை பெறுகிறாள். வால்மீகி ஏறக்குறைய மறந்தேவிட்ட ஊர்மிளை, இலக்குவன் காட்டில் இருந்த பதினான்கு ஆண்டுகளும் உறங்குகிறாள். திரும்பிவந்து எழுப்பும் கணவனை அடையாளம் தெரியாமல் அந்நியன் என்றெண்ணிக் கண்டிக்கிறாள். பிள்ளைப்பேற்றையும் பிரிவையும் தங்கள் உடம்பால் அறிந்தவர்களின் பாடல்கள் இவை.

பெண்ணின் பக்கம் நின்று எழுதப் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. குமாரன் ஆசான் 1919இல் மலையாளத்தில் சீதையின் சிந்தனையைக் காவியமாக்கினார். 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சிறுகதையில், தன் சாபம் தீர்த்த இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதை சொல்லக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள்.

பெண்ணின் பார்வை என்பது பெண்பாத்திரத்தைக் குற்றமற்றவளாக்கிக் காட்டுவதும் அன்று. மானிடவியலாளர் ஐராவதி கார்வே மராத்தியில் எழுதி, 1968ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'யுகாந்தா' என்னும் மகாபாரத ஆய்வு இதற்குத் தக்க சான்று. சூதாட்டத்தில் தன்னையே தோற்றுவிட்ட தருமனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி அவையில் எழுப்பிய கேள்வியை எல்லாரும் வியந்து பேச, கார்வே மட்டும் சட்ட நுணுக்கம் பேசியது அவள் செய்த பிழை என்றார். அத்தீர்ப்பு கடுமையானது, பீஷ்மராலும் பதில் சொல்ல முடியாத கேள்வியைப் பிழை என்பது பொருந்தாது. ஆனாலும் கார்வேயின் திரௌபதி பிழை செய்யக்கூடிய மனுஷி. அண்மைக்கால நாவல்கள் சிலவற்றின் நாயகியரோ பழங்காலப் பட்டுடுத்தி இன்றைய நேர்காணலுக்கு வந்தவர்கள் போல ஒரே குரலில் பேசுகிறார்கள்.

இன்று பட்டம் பெறுவோரில் சிலர் நாளை பதிப்பாசிரியர்களாகவும் பாடத்திட்டக் குழுவினராகவும் அமர்ந்து, எது முழுமையான நூல், எது குறைநூல் என்று தீர்ப்புச் சொல்லப்போகிறவர்கள். அந்தத் தீர்ப்பை எழுதுமுன், யாருடைய கதை என்று எண்ணி அளக்கிறோம் என்பதை அவர்கள் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த பாட்டிமார் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த மாணவர்கள், அப்பாடல்களைப் பாடியவரின் பெயரோடும் ஊரோடும் கைப்பேசியிலாவது பதிவுசெய்து, ஒரு சொல்லையும் திருத்தாமல் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.